எத்தனை தரம் போனது எண்டு மட்டும் எண்ணினால் போதுமா?

2025 நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை. விடியக்காலமை ஐந்தரைக்கு எழும்பி இருந்து பேஸ்போல் பாத்த ஆக்கள் இந்தத் தீவில கனபேர் இருந்திருக்க மாட்டினம். நாங்கள் நாலு பேர் இருந்தம். ரொறொன்ரோவில் அது சனி இரவு. வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது ஆட்டம், புளூ ஜேய்ஸும் லொஸ் ஏஞ்சல்ஸ் டொட்ஜர்ஸும். எங்களில் ஒராளின்ர மச்சான் ஸ்காபரோவில் இருக்கிறான், புளூ ஜேய்ஸ் எண்டால் அவனுக்கு உயிர். அவனுக்காகத்தான் பாக்கத் தொடங்கினம். 11 இன்னிங்ஸ் போய் 5-4 எண்டு டொட்ஜர்ஸ் வெண்டது. இங்க பத்து மணிக்குக் கிட்ட ஆகீட்டுது. மச்சான் ஒரு நாள் முழுக்கக் கதைக்கேல்லை.

அடுத்த நாள் எங்கட வட்ஸ்அப் குழுவில ஒரு பட்டியல் போட்டான். எந்த அணி எத்தனை தரம் பிளேஓஃபுக்குப் போயிருக்கு எண்டு மேலிருந்து கீழ. முதலாவது நியூயோர்க் யாங்கீஸ், 60 தரம். இரண்டாவது டொட்ஜர்ஸ், 39. எங்கயோ கீழ புளூ ஜேய்ஸ், 11. அதுக்குக் கீழ மச்சான் எழுதினான்: "பாத்தியளா, உவங்கள் எங்க, நாங்கள் எங்க. தோத்தது நியாயம்தான்."

இந்தக் கட்டுரை அந்த ஒரு வரிக்கான மறுப்பு. அந்தப் பட்டியலில் உள்ள எண்கள் எல்லாம் சரி. ஆனால் அவை சொல்லுவதாக மச்சான் நினைக்கிற விசயத்தை அவை சொல்லவில்லை என்பதுதான் எங்கள் கருத்து.

தெரியாத ஆக்களுக்குக் கொஞ்சம் விளக்கம். எல்லே விளையாடின எங்களுக்கு அடிச்சுப்போட்டு ஓடுறது புதிசில்லை, அதனால் ஆட்ட முறையை விடுவோம். அமெரிக்காவின் பெரிய பேஸ்போல் லீக்கில் இப்ப 30 அணிகள். அமெரிக்கன் லீக்கில் 15, நஷனல் லீக்கில் 15. ஒவ்வொரு அணியும் வருசத்துக்கு 162 ஆட்டம் ஆடும். முடிய, லீக்குக்கு ஆறு அணியாக 12 அணிகள் ஒக்ரோபரில் பிளேஓஃபுக்குப் போகும். கடைசியில் இரண்டு லீக்கிலும் வெண்டவை மோதுவது வேர்ல்ட் சீரிஸ். முதல் வேர்ல்ட் சீரிஸ் 1903இல் நடந்தது. 1904இல் நஷனல் லீக்கில் வெண்ட நியூயோர்க் ஜயன்ற்ஸ் எதிரணியோட ஆட மாட்டம் எண்டு நிண்டதால் நடக்கவில்லை. 1994இல் வீரர்களின் வேலைநிறுத்தத்தால் நடக்கவில்லை. இந்த இரண்டையும் கழித்தால் 2025 வரை 121 பருவங்கள்.

இப்ப பட்டியலின் முதல் பிழைக்கு வருவோம். அது வயசைத் திறமை எண்டு காட்டுது.

பிலடெல்பியா பிலீஸ் 18 தரம் போயிருக்கு. ரம்பா பே ரேய்ஸ் 9 தரம். பட்டியலில் பிலீஸ் நல்லா மேல நிக்குது. ஆனால் பிலீஸ் அந்த 121 பருவத்திலும் இருந்த அணி. ரேய்ஸ் பிறந்தது 1998இல், ஆடினது 28 பருவம். நூற்றுக்கு எவ்வளவு எண்டு பாத்தால் பிலீஸ் 15, ரேய்ஸ் 32. இன்னொரு பக்கத்தால பாருங்கோ. டொட்ஜர்ஸின் 39ஐ 121ஆல் பிரித்தாலும் நூற்றுக்கு 32தான். அதாவது கோடி கோடியாய்க் கொட்டுகிற டொட்ஜர்ஸும், சம்பளச் செலவில் எப்பவும் கீழ்வரிசையில் நிக்கிற ரேய்ஸும் ஒரே விகிதம்.

அப்ப விகிதத்தைப் பாத்தால் போதும்தானே எண்டு கேப்பியள். நாங்களும் முதல்ல அப்பிடித்தான் நினைச்சம். போதாது. ஏனெண்டால் வாசலின் அகலம் ஒவ்வொரு காலத்திலும் வேறு வேறு.

1960 வரை 16 அணிகளில் இரண்டுக்குத்தான் இடம். லீக்கில் எட்டில் முதலாவதாக வரவேணும், இல்லாட்டி வீட்டை போகவேணும். 1969இல் அணிகள் 24 ஆகின, இடங்கள் நாலு ஆகின. 1995இலிருந்து எட்டு இடம். 2012இலிருந்து பத்து. கொரோனா வந்த 2020இல் மட்டும் 16. 2022இலிருந்து 12. எட்டில் ஒன்றாக இருந்த வாய்ப்பு இண்டைக்கு ஐந்தில் இரண்டு. அதே "ஒரு தரம்" எண்ட எண்ணுக்கு அண்டைக்கு இருந்த விலையும் இண்டைக்கு இருக்கிற விலையும் ஒண்டில்லை.

இதனால்தான் சில கேலிக்கூத்துகள் நடக்கின்றன. 1993இல் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ற்ஸ் 103 ஆட்டம் வெண்டது. அதே பிரிவில் அட்லாண்டா பிரேவ்ஸ் 104 வெண்டதால் ஜயன்ற்ஸ் வீட்டை போனது. பட்டியலில் அதுக்குச் சுழியம். 2020இல் ஹியூஸ்ரன் அஸ்ரோஸ் 29 வெண்டு 31 தோத்தது. வெண்டதை விடத் தோத்தது கூட. ஆனால் பிளேஓஃபுக்குப் போனது. பட்டியலில் அதுக்கு ஒண்டு. மொன்ட்ரியல் எக்ஸ்போஸின் கதை இன்னும் பாவம். 1994இல் 74 வெற்றி, 40 தோல்வி, முழு லீக்கிலும் அவைதான் முதல். ஓகஸ்ட் 12இல் வேலைநிறுத்தம் தொடங்கி பருவமே நிண்டுபோனது. மொன்ட்ரியலில் இருந்த காலம் முழுக்க அந்த அணி பிளேஓஃப் கண்டது 1981இல் ஒரு தரம் மட்டும். 2005இல் அணி வோஷிங்டனுக்குப் போய்விட்டது, அந்த ஒரு தரத்தையும் கொண்டுதான் போனது.

ஆகவே நாங்கள் ஒரு ஞாயிறு மத்தியானம் இருந்து வேற கணக்குப் போட்டுப் பாத்தம். பெரிய கணிதம் ஒண்டுமில்லை. ஒவ்வொரு வருசமும் அந்த லீக்கில் எத்தனை இடம், எத்தனை அணி என்று பிரித்து, ஓர் அணி இருந்த வருசங்களுக்கெல்லாம் கூட்டினம். அதாவது ஒவ்வொரு வருசமும் சும்மா சீட்டுக் குலுக்கிப் போட்டிருந்தால் அந்த அணிக்கு எத்தனை தரம் கிடைச்சிருக்கும்? அதோட உண்மையில் போன எண்ணிக்கையை வைத்துப் பாத்தம்.

யாங்கீஸுக்குச் சீட்டில் வந்திருக்கக்கூடியது கிட்டத்தட்ட 22. போனது 60. ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்கு. இதில் கதைக்க ஒண்டுமில்லை, அவை முதல்தான். டொட்ஜர்ஸுக்கும் 22, போனது 39. பிலீஸுக்கும் அதே 22, போனது 18. நூறு வருசத்துக்கு மேல் இருந்தும் குலுக்கலைவிடக் குறைவு. ரேய்ஸுக்கு 9 வந்திருக்கவேணும், 9 வந்தது. டொட்ஜர்ஸும் ரேய்ஸும் ஒரே விகிதம் எண்டு மேல சொன்னதை இப்ப நாங்களே திருத்துறம். டொட்ஜர்ஸ் தன்ர 39இல் பாதிக்கு மேல ஒடுங்கின வாசலால போனது, ரேய்ஸ் அகண்ட வாசலால போனது.

கீழ்ப்பக்கம்தான் எங்களுக்குப் பிடிச்சது. சியாட்டில் மரைனர்ஸ் 48 பருவத்தில் 6 தரம். மயாமி மார்லின்ஸ் 32 பருவத்தில் 4 தரம். இரண்டும் சரியாக எட்டில் ஒண்டு. குலுக்கலில் மரைனர்ஸுக்கு பன்னிரண்டரையும் மார்லின்ஸுக்கு ஒன்பதரையும் வந்திருக்கவேணும். இரண்டுமே பாதிகூட எட்டவில்லை. ஆனால் மார்லின்ஸ் முதல் போன இரண்டு தரமும், 1997இலும் 2003இலும், கிண்ணத்தோட வந்தது. மரைனர்ஸ் 2001இல் 116 ஆட்டம் வெண்டும், இண்டைக்கு வரைக்கும் வேர்ல்ட் சீரிஸ் மைதானத்தில் கால் வைக்கவில்லை. 2002இலிருந்து 2021 வரை பிளேஓஃபையே காணவில்லை. எந்தப் பட்டியல் இந்த இரண்டு ஊர்ச் சனத்தின்ர மனசையும் ஒரே வரிசையில் வைக்கேலும்?

இனி, எங்கட கணக்கிலயும் ஒரு பெரிய ஓட்டை இருக்கு. அதை மறைச்சால் நாங்களும் மச்சானின்ர பட்டியல் மாதிரித்தான்.

யாங்கீஸின் 60இல் 29 தரம் 1921க்கும் 1964க்கும் இடையில் வந்தது. 1949இலிருந்து 1953 வரை ஐந்து வருசம் தொடர்ந்து போய் ஐந்து தரமும் வேர்ல்ட் சீரிஸ் வெண்டினம். எட்டில் ஒரு வாய்ப்பு எண்டால் ஒரு தரத்துக்கு எட்டுப் புள்ளி போடலாம், ஐந்துக்கும் 40. 2013இலிருந்து 2025 வரை டொட்ஜர்ஸ் தொடர்ந்து 13 தரம் போனதுக்கு இந்த முறையில் 36 புள்ளிதான் வருது. அப்ப அந்தப் பழைய யாங்கீஸ்தான் பெரிசு எண்டு முடிச்சிடலாமா?

ஏலாது. அந்த ஐந்து வருசமும் யாங்கீஸ் அணியில் ஒரு கறுப்பின வீரரும் இல்லை. முதலாவது ஆள் எல்ஸ்டன் ஹவார்ட், 1955இல். 1947இல் ஜாக்கி ரொபின்சன் புரூக்ளின் டொட்ஜர்ஸில் இறங்கும்வரை அந்த இரண்டு லீக்கிலும் அறுபது வருசத்துக்குக் கிட்டக் கறுப்பு ஆக்களுக்கு இடமே இல்லை. எட்டில் ஒண்டு எண்டு நாங்கள் கணக்குப் பாத்த வாசல், ஆட வல்ல ஒரு பெருங்கூட்டத்துக்குப் பூட்டியே கிடந்தது. போட்டியில் பாதிப் பேரை வெளியில நிப்பாட்டிப்போட்டு வாற முதலிடத்துக்கு என்ன விலை போடுறது?

வாசல் திறந்தால் என்ன நடக்கும் எண்டதுக்கு புரூக்ளினே சாட்சி. 1903இலிருந்து 1946 வரை மூன்றே தரம் வேர்ல்ட் சீரிஸுக்குப் போன அணி அது. ரொபின்சன் ஆடின பத்து வருசத்தில், 1947இலிருந்து 1956 வரை, ஆறு தரம் போனது. அவரோட ரோய் கம்பனெல்லா, டொன் நியூகொம்ப் போன்றோரும் வந்து சேர்ந்தார்கள். லொஸ் ஏஞ்சல்ஸ் இண்டைக்குப் பெருமையாகச் சொல்லுற 39இல் ஒன்பது புரூக்ளின் காலத்தது, அந்த ஒன்பதில் ஆறு ரொபின்சன் காலத்தது.

வெளியில விடப்பட்டவை சும்மா இருக்கவில்லை. அவையின்ர நீக்ரோ லீக்குகளுக்கும் தனியாக வேர்ல்ட் சீரிஸ் இருந்தது. 1924இல் முதலாவதை கன்சாஸ் சிற்றி மொனார்க்ஸ் வெண்டது. 1943, 1944, 1948இல் ஹோம்ஸ்டெட் கிரேய்ஸ் வெண்டது. 1920க்கும் 1948க்கும் இடைப்பட்ட அந்த ஏழு லீக்குகளும் பெரிய லீக்குகள்தான் எண்டு மேஜர் லீக் பேஸ்போல் 2020 டிசம்பரில்தான் ஒப்புக்கொண்டது. 2024இல் வீரர்களின் புள்ளிவிபரங்களைச் சேர்த்தபோது, ஜோஷ் கிப்சன் .372 என்ற சராசரியோடு டை கொப்பைத் தாண்டி முதலாவதாக வந்தார். தனிப்பட்ட வீரர்களின் ஏடு திருந்தியிருக்கு. ஆனால் மச்சான் போட்டது மாதிரியான அணிப் பட்டியல்களில் மொனார்க்ஸும் இல்லை, கிரேய்ஸும் இல்லை.

"எண்ணிக்கை எண்டால் எண்ணிக்கைதான், அதுக்குள்ள அரசியலைக் கொண்டு வராதேங்கோ" எண்டு சில பேர் சொல்லுவினம். அவையின்ர பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கு. 60 எண்ட எண்ணை ஆரும் சரிபாக்கலாம், எங்கட "குலுக்கல்" கணக்கை விளங்கப்படுத்தவே அரைப் பக்கம் வேணும். ஆனால் எதை எண்ணுவது, எப்ப இருந்து எண்ணுவது, ஆரை விட்டு எண்ணுவது எண்டு முடிவெடுத்த பிறகுதான் எண்ணிக்கை தொடங்குது. அந்த முடிவுகளை ஆரோ ஏற்கனவே எடுத்துப்போட்டினம். எண்களை வாசிக்கிற நாங்கள் அதைக் கேக்காமல் விடுறம்.

இன்னொரு காரணமும் இருக்கு. 2022இல் இடங்களை 12 ஆக்கின பேச்சுவார்த்தையில், அணி உரிமையாளர்கள் கேட்டது 14. இடம் கூடினால் ஒளிபரப்புக் காசு கூடும். அதோட, சுமாரான அணியை வைத்திருக்கிற முதலாளியும் "நாங்கள் பிளேஓஃப் போன அணி" எண்டு சொல்லிக்கொள்ளலாம். வெறும் எண்ணிக்கையை நாங்கள் கொண்டாடக் கொண்டாட, நல்ல அணி கட்டாமலே அந்த எண்ணைக் கூட்டுவது அவைக்கு லேசாகும்.

ஆகவே எங்கட முடிவு இதுதான். பட்டியல் போடுங்கோ, வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனால் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் அந்த அணி ஆடின பருவங்களையும், அந்தக் காலத்து வாசலின் அகலத்தையும் போடுங்கோ. 1947க்கு முந்தின வரிகளுக்குப் பக்கத்தில், அப்ப ஆருக்கு வாசல் பூட்டியிருந்தது எண்டும் எழுதுங்கோ. மொனார்க்ஸுக்கும் கிரேய்ஸுக்கும் அதே தாளில் இடம் குடுங்கோ.

மச்சானுக்கும் கணக்கை அனுப்பினம். புளூ ஜேய்ஸுக்கு வந்திருக்கவேண்டியது பன்னிரண்டரை, போனது 11. கொஞ்சம் குறைவுதான், மறைக்கேல்லை. ஆனால் அந்த 11இல் 1992உம் 1993உம் கிண்ணம் வெண்ட வருசங்கள். 2025இல் 11ஆவது இன்னிங்ஸ் வரை போனபோது, மற்றப் பக்கத்தில் நிண்ட டொட்ஜர்ஸின் 39 ஓர் ஓட்டம்கூட எடுத்துக் குடுக்கவில்லை. அண்டைக்கு ஆடினவைதான் எடுத்தினம். ஆகவே மச்சான், நீங்கள் தோத்தது ஓர் ஓட்டத்தால. பட்டியலால இல்லை.