குழி யாருடையது?

கேரளத்தில் பொதுப்பணித்துறையைப் பொதுமராமத்து வகுப்பு என்று அழைக்கிறார்கள். அரபியில் பிறந்து பாரசீகம் வழியாக வந்த மராமத்து என்ற சொல்லுக்குப் பழுதுபார்த்தல் என்று பொருள். தமிழகம் அந்தச் சொல்லை ஏரி, வாய்க்கால்களோடு சேர்த்துக் குடிமராமத்து என்று வைத்துக்கொண்டது. துறைக்கு மட்டும் வேறு பெயர் சூட்டியது. பெயர் எதுவானாலும் இரண்டு மாநிலங்களிலும் மக்கள் கொண்டுவரும் கோரிக்கைகளில் பெரும்பாலானவை பழுதுபார்ப்பு சம்பந்தப்பட்டவைதான். புதுப் பாலமோ நான்குவழிச் சாலையோ அல்ல அவர்கள் கேட்பது. வாசலில் விழுந்த குழி, உடைந்த ஓடை மூடி, தோண்டிவிட்டு மூடாமல் போன குழாய்ப் பள்ளம் ஆகியவற்றைச் சரிசெய்யச் சொல்கிறார்கள். அரசு எந்திரம் தடுமாறுவதும் இங்கேதான்.

உதியன்குளங்கரை இதற்கு நல்ல உதாரணம். நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவே, திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் பழைய நெடுஞ்சாலையில் உள்ள கடைத்தெரு ஊர் இது. செங்கல் மகேஸ்வரம் சிவன் கோயிலுக்குப் போகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கும் இடம். தெற்கே சில கிலோமீட்டரில் களியக்காவிளை. அங்கே தமிழகம் தொடங்கிவிடும். 1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலங்கள் பிறந்தபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லையின் இரு பக்கமும் குழிக்குக் குழி என்றே பெயர். ஆனால் அந்தக் குழி யாருக்குச் சொந்தம் என்று கேட்டால் பதில் அவ்வளவு சுலபமில்லை.

நெடுஞ்சாலை மத்திய அரசுடையது. அதன் இந்தப் பகுதியைப் பராமரிப்பது மாநிலப் பொதுமராமத்தின் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவு. அதிலிருந்து பிரியும் முக்கியக் கிளைச் சாலைகள் அதே துறையின் இன்னொரு பிரிவைச் சேர்ந்தவை. உள்ளே போகும் ஊர்ச் சாலைகள் செங்கல், கொல்லயில், பாறசாலை போன்ற ஊராட்சிகளின் பொறுப்பு. வடக்கே போனால் நெய்யாற்றின்கரை நகராட்சி. சாலைக்கு அடியில் ஓடும் குடிநீர்க் குழாய், 1984ல் உருவான கேரள நீர் ஆணையத்தைச் சேர்ந்தது. கால்வாய்க் கரை பாசனத்துறையைச் சேர்ந்தது. மின்கம்பம் மின்வாரியத்துக்குச் சொந்தம். அதில் எரியும் தெருவிளக்குக்குப் பொறுப்பு ஊராட்சி. குடியிருப்பவர் கண்ணுக்குத் தெரிவது ஒரே சாலை. அரசின் பதிவேட்டில் அதற்கு ஐந்தாறு உரிமையாளர்கள்.

எனவே மனுவின் முதல் வேலை முகவரி தேடுவது. குழாய் வெடித்துச் சாலை உள்வாங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஊராட்சி அலுவலகம் சாலை தன்னுடையதல்ல என்று சொல்லும். சாலைப் பிரிவு, குழாயைச் சரிசெய்யாமல் தார் போட்டுப் பயனில்லை என்று சொல்லும். நீர் ஆணையம், தோண்டுவதற்குச் சாலைப் பிரிவின் அனுமதி வேண்டும் என்று சொல்லும். மூவர் சொல்வதும் விதிப்படி சரி. மூன்று சரிகளுக்கு நடுவே ஸ்கூட்டரில் போகிறவர் விழுகிறார். 2022ல் இந்தியச் சாலைகளில் குழிகளால் மட்டும் 1,856 பேர் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. எழுத்தில் பதிவான கணக்கு அது.

முகவரி கிடைத்த பிறகு மனு நடக்கத் தொடங்கும். ஓவர்சீயர் பார்வையிட வேண்டும், உதவிப் பொறியாளர் மதிப்பீடு போட வேண்டும். பிறகு நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், டெண்டர், ஒப்பந்தக்காரர். இதில் எந்தப் படியும் வீண் அல்ல. பொதுப்பணத்தைச் செலவிடக் கணக்கு வேண்டும். ஆனால் பல லட்சம் ரூபாய்ப் பணிக்காக வகுத்த படிகளில் ஒரு குழியும் ஏறி இறங்குகிறது. கேரளத்தில் வானிலையும் குறுக்கே நிற்கும். ஜூனில் எடவப்பாதி, அக்டோபரில் துலாவர்ஷம். தார் போட உகந்த மாதங்கள் டிசம்பரிலிருந்து மே வரைதான். அதிலும் நிதியாண்டு மார்ச் 31ல் முடிவதால் மார்ச் மாதத்தில் எல்லாச் சாலைகளுக்கும் ஒரே நேரத்தில் அதிர்ஷ்டம் அடிக்கும். ஜூலையில் கொடுத்த மனு அடுத்த மார்ச் வரை காத்திருப்பது யாருடைய கெட்ட எண்ணத்தாலும் அல்ல; நடைமுறையே அப்படி அமைந்திருக்கிறது.

அரசியலும் உதவுவதில்லை. புதுச் சாலைக்கு அடிக்கல் உண்டு, திறப்பு விழா உண்டு, கல்வெட்டில் பெயர் உண்டு. அடைத்த குழிக்கு யாரும் கல்வெட்டு வைப்பதில்லை. கரமனையிலிருந்து களியக்காவிளை வரை சாலையை நான்குவழியாக அகலப்படுத்தும் திட்டத்தில் கரமனை - பிராவச்சம்பலம், பிராவச்சம்பலம் - கொடிநடை என்று இரண்டு கட்டங்கள் முடிந்தன. அதற்குப் பிறகும் பாலராமபுரத்துக்குத் தெற்கே நிலம் எடுப்பதிலேயே ஆண்டுகள் போயின. இதற்கிடையே கழக்கூட்டத்திலிருந்து காரோடு வரை 43 கி.மீ. புறவழிச்சாலை வந்து, தொலைதூர வாகனங்களுக்குக் கடற்கரைப் பக்கமாக வேறு வழி கொடுத்தது. பழைய சாலையோரத்து ஊர்களுக்கு இது நிம்மதியும்தான், கவலையும்தான். லாரிகள் குறைந்தால் நல்லது. கூடவே அரசின் அக்கறையும் குறைந்தால்?

கேரளம் சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. 1994ன் ஊராட்சிச் சட்டப்படி வார்டுதோறும் கிராம சபை குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கினர் வந்தால்தான் கூட்டம் செல்லும். 1996ல் தொடங்கிய மக்கள் திட்டம், மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தது. எந்தச் சாலைக்கு முதலில் பணம் என்பதை ஊரார் உட்கார்ந்து பேசலாம் என்ற நிலை பிறந்தது இந்தியாவுக்கே புதிது. 2021 ஜூனில் பொதுமராமத்துத் துறை ஒரு செல்போன் செயலியை வெளியிட்டது. குழியைப் படம் எடுத்து அனுப்பினால் அந்தப் பகுதிப் பொறியாளருக்குப் போய்ச் சேரும். அதே ஆண்டு சாலையோரங்களில் பலகைகள் முளைத்தன: போட்ட சாலைக்கு ஒப்பந்தக்காரர் எத்தனை காலம் பொறுப்பு, அவர் யார், பொறியாளர் யார், யாரை எந்த எண்ணில் கூப்பிடுவது. டெண்டர் படிவத்துக்குள் முடங்கிக் கிடந்த ஒரு நிபந்தனை தெருவுக்கு வந்தது பெரிய விஷயம்.

ஆனால் கேரளத்தின் இரண்டு லட்சம் கிலோமீட்டருக்கும் அதிகமான சாலைகளில் பொதுமராமத்தின் கையில் இருப்பது சுமார் 30,000 கிலோமீட்டர்தான். மீதியில் பெரும்பகுதி உள்ளாட்சிகள் வசம். செயலியைத் திறக்கும் குடிமகன் தன் வாசல் சாலை எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். தவறான துறைக்குப் போன புகாரைச் சரியான துறைக்கு அனுப்பிவைக்கும் கடமை அவருடையதா, அரசுடையதா? அமெரிக்காவில் சிகாகோ நகரம் 1999ல் இந்தக் கேள்விக்கு 311 என்ற ஒரே தொலைபேசி எண்ணைப் பதிலாகக் கொடுத்தது. அழைப்பவர் குறையை மட்டும் சொன்னால் போதும். துறையைக் கண்டுபிடிப்பது நகராட்சியின் வேலை. சென்னை மாநகராட்சியின் 1913 எண்ணும் இதே வழியில் வந்ததுதான். நகரத்துக்குக் கிடைத்த இந்த வசதி, ஐந்து அலுவலகங்களுக்கு நடுவே சிக்கிய எல்லையோரக் கிராமத்துக்குத்தான் அதிகம் தேவை.

அலுவலகத்தில் பதில் கிடைக்காதபோது மக்கள் ஆட்சியாளரின் முகத்தைத் தேடிப் போகிறார்கள். முதலமைச்சராக இருந்த உம்மன் சாண்டி நடத்திய மக்கள் தொடர்பு நிகழ்ச்சிகளில் நள்ளிரவு வரை வரிசை நின்றது; 2013ல் அதற்கு ஐ.நா.வின் பொதுச்சேவை விருதும் கிடைத்தது. 2023 நவம்பர், டிசம்பரில் பினராயி விஜயன் அமைச்சரவை முழுவதும் பஸ்ஸில் ஏறித் தொகுதி தொகுதியாகச் சென்ற நவகேரள சதஸில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் குவிந்தன. தமிழகத்தில் திங்கள்கிழமைகளில் கலெக்டர் அலுவலக வாசல் நிரம்பி வழிவதும் இதே கதைதான். மனுக்களின் எண்ணிக்கையைச் சாதனையாகச் சொல்கிறார்கள். உள்ளூர்ப் பொறியாளர் மேஜையில் முடிந்திருக்க வேண்டிய விஷயம் முதலமைச்சர் வரை போயிருக்கிறது என்பதற்கும் அதுவே சாட்சி. மலையாளத்தில் மனுவுக்கு நிவேதனம் என்று பெயர். கோயிலில் படைப்பதற்கும் தமிழில் அந்தச் சொல்தான். இரண்டையும் கொடுத்துவிட்டுக் கைகூப்பி நிற்க வேண்டியிருப்பது தற்செயலாக இருக்கலாம்.

எல்லையோரத்தில் இன்னொரு கேள்வி உண்டு: எந்த மொழியில் எழுதுவது? அரசியல் சட்டத்தின் 350வது பிரிவு, ஒரு மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் எந்த அதிகாரியிடமும் குறையைச் சொல்லலாம் என்கிறது. கேரளம் 1969ல் இயற்றிய ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தம் மொழியில் எழுதவும், அதே மொழியில் பதில் பெறவும் இடம் கொடுத்தது. உள்ளூர் அலுவலகங்களைப் பொறுத்தவரை, மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களுக்கு மட்டுமே இந்தச் சலுகை. குழி உள்ளூரில் இருக்கிறது, மொழியுரிமை தலைநகரில் உறுதியாக இருக்கிறது. அறிவிக்கப்பட்ட பகுதிக்கு வெளியே இருக்கும் தமிழ்க் குடும்பம் மலையாளம் தெரிந்த பிள்ளையை எழுதச் சொல்வதுதான் நடைமுறை.

துறைகளுக்கு இடையே மாட்டிக்கொண்ட மனுவாவது ஒருநாள் கரை சேரலாம். மாநிலங்களுக்கு இடையே மாட்டிக்கொண்டால்? நெய்யாறு அணையின் இடதுகரைக் கால்வாய், விளவங்கோடு தாலுகாவில் 9,200 ஏக்கருக்குப் பாசனம் தரவேண்டிய ஒன்று. 2004ல் கேரளம் தண்ணீரை நிறுத்தியது. நெய்யாறு முழுக்கத் தன் மாநிலத்து நதி, ஒப்பந்தம் இல்லாமல் தர முடியாது என்பது கேரளத்தின் வாதம். மாநிலம் பிரிவதற்கு முன்பே திட்டமிட்ட பாசனம், உரிமை உண்டு என்பது தமிழகத்தின் வாதம். 2012ல் தமிழகம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. விளவங்கோடு விவசாயியின் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில். மதகின் சாவி திருவனந்தபுரம் மாவட்டத்தில். அவருடைய மனுவை வாங்கும் அலுவலகத்துக்கு மதகைத் திறக்கும் அதிகாரம் இல்லை. திறக்கும் அதிகாரம் உள்ள அலுவலகத்துக்கு அவர் வாக்காளரே இல்லை.

பணமில்லை என்பது உள்ளாட்சிகளின் கடைசிப் பதில். அதற்கும் நீதிமன்றம் எப்போதோ மறுபதில் சொல்லிவிட்டது. மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகரில் சாக்கடை நாற்றம் தாங்காத ஒரு வார்டு மக்கள் மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். வடிகால் கட்ட அவர் உத்தரவிட, நிதி இல்லை என்று நகராட்சி உச்ச நீதிமன்றம் வரை போராடியது. 1980 ஜூலை 29 அன்று நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் வழங்கிய தீர்ப்பு, அடிப்படைக் கடமையைச் செய்யாமலிருக்கப் பணமின்மை சாக்கு ஆகாது என்றது. கேரளத்தின் முதல் அமைச்சரவையில் பாசனத்துறையையும் கவனித்தவர் அவர்; அலுவலக மேஜையின் இரண்டு பக்கமும் அவருக்குத் தெரியும். ரத்லம் மக்கள் பயன்படுத்திய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133வது பிரிவு, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் 152வது பிரிவாகத் தொடர்கிறது. 2025 அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம் ஒரு படி மேலே போய், குழியாலோ திறந்த சாக்கடைக் குழியாலோ உயிரிழப்பவர் குடும்பத்துக்கு 6 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று நிர்ணயித்தது.

பணக்கார ஊர்களிலும் இதே கதை உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஐந்து உறுப்பினர் கொண்ட பொதுப்பணி வாரியம் நூறாண்டுக்கும் மேலாக இயங்குகிறது; குடியிருப்பவர்கள் அதன் கூட்டத்துக்கே வந்து பேசலாம். அப்படியும் உடைந்த நடைபாதைகளில் சக்கர நாற்காலி போக முடியவில்லை என்று மாற்றுத்திறனாளிகள் வழக்குப் போட வேண்டியிருந்தது. 2016ல் முடிவான சமரசப்படி அந்த நகரம் 30 ஆண்டுகளில் ஏறத்தாழ 140 கோடி டாலரை நடைபாதைகளுக்குச் செலவிட ஒப்புக்கொண்டது. காலத்தில் செய்யாத மராமத்து வட்டியோடு திரும்பி வரும் என்பதற்கு இதைவிடப் பெரிய ரசீது கிடையாது.

உதியன்குளங்கரையில் மனு எழுதுகிறவர் நீதிமன்றம் வரை போகத் தேவையில்லாத வழிகளும் இருக்கின்றன. மனுவுக்கு ரசீது எண் வாங்குவது முதல் வேலை. சாலையோரப் பலகையில் ஒப்பந்தக்காரரின் பொறுப்புக் காலம் முடிந்துவிட்டதா என்று பார்ப்பது இரண்டாவது. முடியவில்லை என்றால் செலவு அரசுடையதே அல்ல. பதில் வராவிட்டால் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். ஊராட்சி மீதான புகாருக்கு ஆம்புட்ஸ்மன் இருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாகக் கிராம சபை இருக்கிறது. பத்துப் பேர் தனித்தனியாகக் கொடுக்கும் மனுவைவிட அங்கே நிறைவேறும் ஒரு தீர்மானத்துக்கு எடை அதிகம்.

அரசு செய்ய வேண்டியதும் மலைபோன்ற காரியமல்ல. தவறான இடத்துக்கு வந்த மனுவைத் திருப்பி அனுப்பாமல் உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும். சிறு பழுதுகளுக்கு உதவிப் பொறியாளர் கையில் ஆண்டு முழுவதும் தனியாகப் பணம் இருக்க வேண்டும். முடியாது என்றால் முடியாது என்று, காரணத்தோடு, கொடுத்தவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் சொல்ல வேண்டும். அந்தக் காகிதம் கையில் இருந்தால் அடுத்த கதவைத் தட்டலாம். பதிலே இல்லாத மனுதான் மக்களைக் களைத்துப்போகச் செய்கிறது.