பெற்றோலில் எதனோல்: கடலுக்குப் போகிறவனை யாராவது கேட்டீர்களா?

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது கடைசிவரை வாசியுங்கள். வாசித்த பிறகு திட்டுவதென்றாலும் திட்டுங்கள், பரவாயில்லை.

இரண்டு கிழமையாக எங்கள் பக்கத்து வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு காணொளி சுற்றுகிறது. இந்தியா பெற்றோலில் 20 வீதம் எதனோல் கலந்து டொலரை மிச்சம் பிடித்துவிட்டதாம். இலங்கையும் சட்டம் போட்டுக் கலக்க வேண்டுமாம். வன்னியில் காணி சும்மாதானே கிடக்கிறது, கரும்பை நட்டால் எல்லாம் சரியாம். கீழே எங்கள் ஆட்களே கைதட்டிப் போட்டிருக்கிறார்கள். என்னிடம் படித்த பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள். விஞ்ஞானம் படிப்பித்தவன் என்ற வகையில் அதுதான் எனக்கு உறைத்தது.

முதலில் ஒன்று. "சேர், மதுசாரம் கலந்த பெற்றோல் ஹராமா?" என்று இரண்டு பேர் உள்பெட்டியில் கேட்டிருந்தார்கள். அதை உலமாக்களிடம் கேளுங்கள். நான் பேசப்போவது எஞ்சினையும், சோற்றையும், தண்ணீரையும் பற்றி.

இன்றைக்கு இலங்கையில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. வந்த பிறகு கத்துவதை விட வருமுன் கேட்பது நல்லது. 2021 இல் ஒரே அறிவிப்பில் இரசாயனப் பசளையை நிறுத்தினார்கள். அப்போதும் முதல் நாள் கைதட்டினோம். சில மாதங்களில் தடையை எடுத்தார்கள். ஆனால் அந்தப் போக வயலில் பட்ட அடி பட்டதுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருடம் தரம் 11 பிள்ளைகளுக்கு ஒரு பரிசோதனை செய்து காட்டினேன். ஒரு போத்தலில் சாதாரண பெற்றோல். அதில் கொஞ்சம் தண்ணீர் விட்டேன். தண்ணீர் நேரே அடியில் போய் இருந்தது. கோடு போட்டது போலத் தெரிந்தது. இரண்டாவது போத்தலில் பத்துக்கு ஒரு பங்கு தூய எதனோல் கலந்த பெற்றோல். அதில் துளித்துளியாகத் தண்ணீர் விட்டேன். முதல் சில துளிகள் கரைந்து காணாமல் போயின. "சேர், தண்ணி எங்க?" என்றான் ஒருவன். இன்னும் கொஞ்சம் விட்டதும் போத்தல் முழுக்கக் கலங்கியது. பிறகு அடியில் ஒரு படை இறங்கியது. நான் விட்ட தண்ணீரை விட அது பல மடங்கு. ஏனென்றால் தண்ணீர் தனியாக இறங்கவில்லை, எதனோலையும் இழுத்துக்கொண்டு இறங்கியது. (இதை வீட்டில் செய்யாதீர்கள். பெற்றோல் விளையாட்டுப் பொருள் அல்ல.)

எதனோல் தண்ணீரோடு சேரும் பொருள். 10 வீதம் கலந்த பெற்றோல் ஏறக்குறைய அரை வீதம் தண்ணீரைத்தான் தாங்கும். 20 லீற்றர் கானில் 100 மில்லி லீற்றர், ஒரு பிளேன்ரீ அளவு. அதற்கு மேல் போனால் பிரிந்துவிடும். 20 வீதம் கலந்தால் இன்னும் கொஞ்சம் கூடத் தாங்கும். ஆனால் பிரியும்போது அடியில் இறங்குவதும் அதே போலக் கூடும்.

காரில் கொழும்புக்குப் போகிறவருக்கு இது பெரிய விஷயமில்லை. அடித்த பெற்றோல் இரண்டு நாளில் தீர்ந்துவிடும், தாங்கியும் மூடித்தான் இருக்கும். ஆனால் நாயாற்றுக் கரையில்? உப்புக் காற்று. மூடி தேய்ந்த கான். அலை அடித்து நனையும் தாங்கி. மாரி தொடங்கினால் மாதக்கணக்கில் வாடியில் கிடக்கும் எஞ்சின். தண்ணீர் புகாமல் இருந்தால்தான் அதிசயம்.

என் மாணவன் ஒருவனின் தகப்பனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். மாரி முழுக்க வாடியில் வைத்திருந்த பெற்றோலை எடுத்துக்கொண்டு வருடத்தின் முதல் தொழிலுக்குப் போனார். கரை மறையும் தூரத்தில் எஞ்சின் நின்றது. தாங்கியைக் கழற்றிப் பார்த்தால் அடியில் தண்ணீர். சரித்து ஊற்றினார், வடியைத் துடைத்தார், கயிற்றை இழுத்தார். இருட்ட முதல் கரை சேர்ந்தார். "சேர், தண்ணி தனியா நிண்டபடியாத்தான் தப்பினன்" என்றார் என்னிடம்.

அந்த ஒரு வசனம்தான் என் முழு வாதமும். தண்ணீர் தனியாக நின்றதால் ஊற்ற முடிந்தது. அது எதனோல் கலந்த பெற்றோலாக இருந்தால், கரையில் வைத்துப் பார்க்கும்போது ஒன்றும் தெரிந்திராது. நடுக்கடலில் பிரிந்தால் அடியில் நிற்பது கொஞ்சத் தண்ணீர் அல்ல, லீற்றர் கணக்கில் மதுசாரமும் தண்ணீரும் சேர்ந்த கலவை. தாங்கியின் குழாய் அடியிலிருந்துதான் உறிஞ்சும். எண்ணெய் கலந்து ஓட்டும் இரண்டு அடி எஞ்சின் என்றால் இன்னும் மோசம். எண்ணெய் மேலே பெற்றோலோடு நிற்கும், எஞ்சினுக்குள் போகும் கலவையில் எண்ணெய் இருக்காது. பிஸ்டன் பிடித்துவிடும். அதை ஊற்றிவிட்டாலும் மேலே மிஞ்சும் பெற்றோலின் ஒக்டேன் குறைந்துவிடும். கடலில் எஞ்சின் நிற்பது வீதியில் நிற்பது போல இல்லை என்பதை இந்த ஊருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

"மாஸ்டர் பயப்படுத்துறார்" என்பீர்கள். உலகத்தில் அதிகமாக எதனோல் செய்யும் நாடு அமெரிக்கா. அங்கே 15 வீதம் கலந்த பெற்றோலுக்கு அனுமதி கொடுத்தபோது அவர்களின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் படகு எஞ்சினுக்கும், மோட்டார் சைக்கிளுக்கும், புல்லு வெட்டும் சின்ன எஞ்சினுக்கும் அதைப் பாவிக்கக் கூடாது என்று சட்டமாகவே வைத்தது. பழைய படகுகளில் பைபர் தாங்கிகள் எதனோலில் கரைந்து, அந்தப் பிசின் எஞ்சினுக்குள் போன கதையும் அங்கே நடந்ததுதான். வெளியிணைப்பு எஞ்சின் செய்யும் கொம்பனிகளின் கைநூல்களைப் பாருங்கள், பொதுவாக 10 வீதத்துக்கு மேல் வேண்டாம் என்றுதான் இருக்கும்.

இப்போது காசுக் கணக்கு. ஒரு லீற்றர் எதனோலில் இருக்கும் சக்தி ஒரு லீற்றர் பெற்றோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. 20 வீதம் கலந்தால் லீற்றருக்கு ஏறக்குறைய 6 முதல் 7 வீதம் சக்தி குறையும். ஒரு தொழிலுக்கு 30 லீற்றர் எரிப்பவருக்கு இரண்டு லீற்றர் கூட வேண்டும். லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் நாளுக்கு 600. மாதம் 20 நாள் தொழில் என்றால் 12,000 ரூபா. மண்ணெண்ணெயில் ஓட்டுபவர்களுக்கு இந்த அடி குறைவு, அவர்களுக்கு ஸ்டார்ட் பண்ணத்தான் பெற்றோல். ஆனால் 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியதை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கொழும்பில் மேசையில் எடுக்கும் முடிவுக்குக் கரையில் யார் காசு கட்டுவது என்று அன்றைக்கே பார்த்துவிட்டோம்.

இந்தியாவில் என்ன நடந்தது என்பதையும் அந்தக் காணொளி பாதிதான் சொல்கிறது. 2021 இல் அவர்களின் நிதி ஆயோக் அறிக்கையே, பழைய வடிவமைப்புக் கார்களில் 6 முதல் 7 வீதம், இரண்டு சில்லு வாகனங்களில் 3 முதல் 4 வீதம் எரிபொருள் சிக்கனம் குறையும் என்று ஒத்துக்கொண்டது. அதை ஈடுசெய்ய இந்தப் பெற்றோலைக் குறைந்த விலைக்கு விற்க வேண்டும் என்றும் சொன்னது. விலை குறைந்ததா? இல்லை. 2025 ஓகஸ்டில் கேட்டபோது, எதனோல் வாங்கும் விலை சுத்திகரித்த பெற்றோலின் விலையைத் தாண்டிவிட்டது என்று அமைச்சு பதில் சொன்னது. பழைய வாகனங்களில் சில இறப்பர் பாகங்களை மாற்ற வேண்டி வரலாம், அது மலிவுதான் என்றும் சொன்னது. யாருக்கு மலிவு?

இலக்கை முதலில் 2030 என்று வைத்துவிட்டுப் பிறகு 2025 க்கு இழுத்தார்கள். 20 வீதத்தைத் தாங்கும் பாகங்களோடு புது வாகனங்கள் வரத் தொடங்கியதே 2023 ஏப்ரலில்தான். எதனோல் கலக்காத பெற்றோலையும் விற்கச் சொல்லுங்கள், பம்பில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள் என்று ஒருவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2025 செப்டெம்பர் 1 ஆம் திகதி வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். வாகனம் வைத்திருப்பவருக்கே அங்கே தெரிவு குறைவு. எங்கள் நிலைமையை யோசியுங்கள். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியைத் தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். முல்லைத்தீவு வீதியில் ஓடும் ஓட்டோக்களிலும் சைக்கிள்களிலும் எத்தனை 2023 க்குப் பிறகு செய்தவை? எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது சோறு. இந்தியா 2024-25 இல் அரசாங்கக் களஞ்சியத்திலிருந்து 52 இலட்சம் தொன் அரிசியை எதனோல் செய்ய ஒதுக்கியது. மிஞ்சிய இருப்பு என்றார்கள், அது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் அதற்கு முன்னர் 2023 ஜூலையிலிருந்து 2024 செப்டெம்பர் வரை வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடுத்து வைத்திருந்ததும் அதே நாடுதான். ஒரு லீற்றர் எதனோலுக்கு இரண்டு கிலோவுக்கு மேல் அரிசி வேண்டும். பத்து லீற்றர் சைக்கிள் தாங்கியை 20 வீதக் கலவையால் நிரப்பினால் நாலு கிலோவுக்கு மேல் அரிசி எரிகிறது. 2024 கடைசியில் நாட்டரிசிக்கு இங்கே கடை கடையாக அலைந்தவர்கள் நாங்கள். கடைசியில் அரிசியை இறக்குமதி செய்தோம்.

"அரிசி வேண்டாம், கரும்பு நடுவோம்" என்பார்கள். நிதி ஆயோக் கணக்கிலேயே கரும்பிலிருந்து ஒரு லீற்றர் எதனோலுக்கு 2,860 லீற்றர் தண்ணீர் போகிறது. வன்னியில் அந்தத் தண்ணீர் எங்கே? குளத்தில். குளத்துத் தண்ணீர் யாருக்கு? சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விதைப்பது என்று கூட்டம் வைத்துப் பங்கு போடுகிற ஊர் இது. வவுனியா வடக்கில் கரும்புக்கும் சீனித் தொழிற்சாலைக்கும் காணி கொடுக்கும் பேச்சு சில வருடங்களாக அடிபடுகிறது. மீள்குடியேறிய எங்கள் சனம் இன்னமும் காணி உறுதிக்கு அலைகிறது. தமிழரும் சரி, முஸ்லிம்களும் சரி. "சும்மா கிடக்கிற காணி" என்று காணொளியில் சொல்கிறார்களே, அது யாருடைய காணி என்று முதலில் கேளுங்கள்.

நியாயத்துக்கு மறுபக்கத்தையும் சொல்கிறேன். எதனோல் ஒக்டேனைக் கூட்டும். புகையில் காபனோரொட்சைட்டைக் குறைக்கும். இந்தியாவில் கரும்பு விவசாயிக்கு நிலுவைக் காசு வேகமாகக் கிடைக்க அது உதவியது. அந்நியச் செலாவணியும் மிச்சம்தான். எங்கள் நாட்டில் செவனகல, பெல்வத்த பக்கம் சீனி ஆலைக் கழிவுப்பாகிலிருந்து எதனோல் வடிக்கிறார்கள். 2020 ஜனவரியிலிருந்து எதனோல் இறக்குமதிக்கும் தடை. ஆனால் அந்த எதனோல் சாராயத்துக்குப் போகிறது. நாங்கள் சாப்பிடும் சீனியிலேயே பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறது. சீனிக்கே கரும்பு இல்லாத நாடு, நாடு முழுக்க ஓடும் பெற்றோலுக்குக் கரும்பு எங்கே எடுக்கும்? ஒன்றில் நெல் வயலில், இல்லாவிட்டால் திரும்பவும் டொலர் கொடுத்து இறக்குமதியில்.

"கட்டாயம் என்றாலே எதிர்ப்பீர்களா?" என்று கேட்பவர்களுக்கு: இல்லை. 2002 இல் ஈயம் கலந்த பெற்றோலை நிறுத்தினார்கள். அது கட்டாயம்தான், நல்ல கட்டாயம். பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும் நஞ்சை எடுத்தார்கள். பிரேசிலும் எதனோலில்தான் ஓடுகிறது. ஆனால் அவர்கள் 1975 இலேயே தொடங்கி, 2003 இலிருந்து எந்தக் கலவைக்கும் ஓடும் கார்களைச் செய்தார்கள். முதலில் எஞ்சினை மாற்று, பிறகு எண்ணெயை மாற்று. இங்கே தலைகீழாகக் கேட்கிறார்கள்.

எஞ்சினுக்கு ஒவ்வாததை ஊற்றி ஓட்டின அனுபவம் வன்னிக்குப் புதிதில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் நான் புத்தளத்தில் அகதி முகாமில் இருந்தேன். இங்கே இருந்த சக ஆசிரியர்கள் சொல்வார்கள்: நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் சைக்கிள் ஓட்டியதை. புகையையும், அடிக்கடி எஞ்சின் பிரித்ததையும். அது வேறு வழியில்லாத காலம். அந்த நிலைமையைச் சட்டம் போட்டு யாராவது கேட்டு வாங்குவார்களா?

2025 ஏப்ரலில் திருகோணமலையை எரிபொருள் மையமாக்க இந்தியாவோடும் ஐக்கிய அரபு இராச்சியத்தோடும் உடன்படிக்கை கைச்சாத்தானது. இந்தியாவிலிருந்து குழாய் போடும் பேச்சும் இருக்கிறது. குழாயில் வருவது கலக்காத பெற்றோலாகவே இருக்கட்டும். அதன் பின்னால் கொள்கையும் வரலாம். அதனால்தான் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

கைதட்டுவதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்:

ஒன்று, எதனோல் கலந்தால் கலக்காத பெற்றோலும் ஒவ்வொரு செட்டிலும் இருக்க வேண்டும். குறைந்தது கரையோரச் செட்டுகளிலாவது.

இரண்டு, எத்தனை வீதம் என்று பம்பில் தமிழிலும் சிங்களத்திலும் எழுத வேண்டும்.

மூன்று, சக்தி குறையும் அளவுக்கு விலையும் குறைய வேண்டும்.

நான்கு, குளத்துத் தண்ணீரையும் வயல் காணியையும் எரிபொருளுக்குக் கொடுக்கக் கூடாது.

இந்த நாலுக்கும் ஆம் என்று எழுதித் தந்தால் நானும் கைதட்டுகிறேன். அதுவரை, கடற்றொழிலாளர் சங்கத்தில் இருப்பவர்களும் கமக்காரர் அமைப்பில் இருப்பவர்களும் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுங்கள். நான் வந்து அந்த இரண்டு போத்தலையும் காட்டுகிறேன். பேச்சை விட அது நன்றாக விளங்கும்.

கருத்து வேறுபாடு உள்ளவர்கள் கணக்கோடு வாருங்கள், பேசுவோம். சரி என்று பட்டால் பகிருங்கள்.