மனு போட யார் வருவார்?

புழல் பக்கம் போகும்போதெல்லாம் சிறை வாசலைப் பார்ப்பேன். மனு போட்டுவிட்டுப் பையும் கையுமாக நிற்பவர்களில் பெண்கள்தான் அதிகம். கணவனுக்காக, மகனுக்காக வந்தவர்கள். பெண்களுக்கான தனிச்சிறையும் புழலில்தான் இருக்கிறது. மனைவி உள்ளே போனால் யார் வந்து நிற்கிறார்கள்?

நாடு முழுவதும் கைதிகளில் பெண்கள் நூற்றுக்கு 4 பேர்தான். குறைவு என்பதாலேயே அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவர்களிலும் பெரும்பாலோர் தண்டனை பெறாத விசாரணைக் கைதிகள். ஜாமீன் கிடைத்தாலும் கையெழுத்துப் போட ஆள் வேண்டும், வீட்டு வரி ரசீது வேண்டும். வீடோ கணவன் பெயரில். அவனே கைவிட்டால்?

2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-ஆவது பிரிவைப் படித்தேன். ஆயுள், மரண தண்டனைக்குரிய குற்றங்கள் நீங்கலாக, முதல் முறை சிக்கியவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டால், ஜாமீன்தாரர் இல்லாமல் சொந்தப் பிணையிலேயே விடலாம். மனு செய்ய வேண்டியது சிறைக் கண்காணிப்பாளர்.

நல்லதுதான். ஆனால் அதுவரை ஏன் காத்திருக்க வேண்டும்? ஆறு வயது வரை பிள்ளையும் தாயோடு உள்ளே இருக்கலாம். சில்லறை வழக்கில் வந்த ஏழைத் தாயை முதல் நாளே சொந்தப் பிணையில் விட்டால் என்ன குடி முழுகிவிடும்?