கைக்கும் மூளைக்கும் நடுவே சுவர் எதற்கு?



"டிப்ளமோ தானே படிக்கிறே? மெஷினைப் பத்தித் தெரிஞ்சா போதும். உனக்கு எதுக்குப்பா தத்துவமும் அரசியலும்?" இந்தக் கேள்வியைக் கேட்காத காது நம்மில் யாருக்கு இருக்கிறது? கேட்பவர்கள் நம்மீது அக்கறை உள்ள சித்தப்பாவும் மாமாவும்தான். ஆனாலும், கையால் உழைப்பவனுக்கு யோசனை தேவையில்லை என்கிற விஷம் இதற்குள் இருக்கிறது. இதற்குத் தன் வாழ்க்கையாலேயே பதில் சொன்னவர் அந்தோனியோ கிராம்சி.

இத்தாலியின் வறுமை மிகுந்த சார்டீனியா தீவில் 1891 ஜனவரி 22-இல் பிறந்தவர். ஏழு பிள்ளைகளில் நான்காவது. சின்ன வயதிலேயே முதுகு கூன் விழுந்துவிட்டது. 1898-இல் அப்பா கையாடல் வழக்கில் கைதாகிச் சிறைக்குப் போக, அம்மா துணி தைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். 11 வயதில் பையன் நிலப் பதிவு அலுவலகத்தில் வேலைக்குப் போனான். தினமும் பத்து மணி நேரம், தன்னைவிடக் கனமான பதிவேடுகளைத் தூக்க வேண்டும். மாதம் 9 லிரா சம்பளம். இரவில் உடம்பு வலி தாங்காமல் யாருக்கும் தெரியாமல் அழுவானாம்.

எல்லாப் பாடத்திலும் பத்துக்குப் பத்து வாங்கிய தன் படிப்பு நின்றது. கறிக்கடைக்காரர் மகனும் மருந்துக்கடைக்காரர் மகனும் மேலே படிக்கப் போனார்கள். தன் கலக உணர்ச்சி பிறந்தது அங்கேதான் என்று 1924-இல் மனைவிக்கு எழுதினார். மார்க்ஸைப் படிப்பதற்கு முன்பே வாழ்க்கை அவருக்குப் பாடம் நடத்திவிட்டது!

பட்டாளத்துக்குப் போன அண்ணன் ஜென்னாரோ, துரின் நகரிலிருந்து சோஷலிசப் பத்திரிகைகளை அனுப்பினார். 1911-இல் ஏழை மாணவர்களுக்கான உதவித்தொகைத் தேர்வில் வென்று, மாதம் 70 லிராவில் கிராம்சியும் துரின் பல்கலைக்கழகம் போனார். பசியும் குளிரும் நோயும் விடவில்லை. 1915-இல் பட்டம் வாங்காமலே வெளியேறினார். துரின், ஃபியட் கார் ஆலைகளின் ஊர். 1919 மே 1-இல் நண்பர்களோடு 'புதிய ஒழுங்கு' என்ற வார இதழைத் தொடங்கினார். தொழிலாளர்களே தேர்ந்தெடுக்கும் ஆலைக் குழுக்கள் உற்பத்தியை நடத்த முடியும் என்று அது வாதிட்டது. 1920 செப்டம்பரில் தொழிலாளர்கள் ஆலைகளைக் கைப்பற்றி ஓட்டியும் காட்டினார்கள். அது நீடிக்கவில்லை. 1926-இல் முசோலினி அரசு அவரைக் கைது செய்தது. 1928-இல் இருபது ஆண்டுகளுக்கு மேல் தண்டனை. அந்தச் சிறையில் 33 நோட்டுப் புத்தகங்களை நிரப்பினார். 1937-இல் இறந்தார்.

அந்த நோட்டுகளில் அவர் சொல்வது, எல்லா மனிதரும் சிந்தனையாளரே. மூளை கலக்காத உடலுழைப்பு எதுவுமே இல்லை என்பது. எங்கப்பா கொத்தனார். பள்ளிக்கூடம் போகாதவர். 3 அடி, 4 அடி, 5 அடி என்று நூல் பிடித்து மூலைமட்டம் பார்ப்பார். பித்தாகரஸ் பேர் அவருக்குத் தெரியாது; கணக்கு தப்பாது! ஃபிட்டிங் ஷாப்பில் அரம் பிடித்தவர்களே, எங்கே தேய்க்கணும், எங்கே நிறுத்தணும் என்று சொல்வது கையா, மூளையா?

1923-இல் இத்தாலியில் வந்த கல்விச் சட்டம், பல்கலைக்கழகம் போகிறவர்களுக்கு ஒரு பள்ளி, மற்றவர்களுக்கு வேறு பள்ளி என்று பிரித்தது. கிராம்சி அதை எதிர்த்தார். கைவேலையும் அறிவுப் பயிற்சியும் சேர்ந்த ஒரே பள்ளி எல்லோருக்கும் வேண்டும் என்றார். அதற்காகப் படிப்பு சுலபம் என்று நம்மைத் தட்டிக்கொடுக்கவும் இல்லை. படிப்பும் வியர்வை சிந்தும் உழைப்புதான் என்றார்.

அவருடைய கட்சிக் கொள்கையை எல்லோரும் ஏற்கணும் என்று நான் சொல்லவில்லை. அவர் கேள்வியை ஏற்போம். நம் பேரவை விளையாட்டு விழா நடத்துகிறது, கலை விழா நடத்துகிறது. நல்லது. அடுத்த ஆண்டு வாரம் ஒரு மாலை வாசிப்பு வட்டமும் நடத்தட்டும். சிலபஸில் இல்லாத புத்தகங்களைப் படிப்போம், சண்டை போட்டு விவாதிப்போம். ஸ்பேனர் பிடித்த கை புத்தகமும் பிடிக்கட்டும்!