பட்டியலைப் பராமரிப்பதும் சாதி ஒழிப்பு வேலைதான்

2019 டிசம்பர் 2 அதிகாலை. மேட்டுப்பாளையம் நடூரில் சுவர் இடிந்து விழுந்து, வீட்டுக்குள் உறங்கிக் கொண்டிருந்த அருந்ததியர் 17 பேர் இறந்து போனார்கள். மழையில் நடந்த விபத்து என்றார்கள். அது தீண்டாமைச் சுவர் என்றோம் நாம். துண்டறிக்கையில் சொன்னோம், ஆர்ப்பாட்டத்தில் சொன்னோம், மேடை போட்டும் சொன்னோம். ஆனால் நம்முடைய பட்டியலில் என்ன சொன்னோம்?

சாதி எதிர்ப்பு எழுத்துகளை இணையத்தில் வெளியிட விரும்புபவர்களுக்காகக் கோவையில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு வழிகாட்டிப் பட்டியலை வைத்திருக்கிறோம். எழுத்துருக்கள், ஒருங்குறி மாற்றிகள், செலவில்லாமல் தளம் தொடங்கும் வழிகள், ஸ்கேன் செய்த பழைய இதழ்களை ஏற்றி வைக்கும் இடங்கள், உண்மை அறியும் குழு அறிக்கைகளின் மாதிரிகள், சட்ட உதவி என்று பல ஆண்டுகளாகச் சேர்ந்த இணைப்புகள். அதை மறுபடி ஒழுங்குபடுத்த உட்கார்ந்தபோதுதான் பார்த்தோம். நடூர் குறித்த அறிக்கைகள் 'விபத்துகள், பேரிடர்கள்' என்ற தலைப்பின் கீழ் கிடந்தன.

யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. செய்தித்தாள் வைத்த தலைப்பை யாரோ ஒரு தோழர் அவசரத்தில் அப்படியே ஒட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தெருவில் நாம் மறுத்த சொல், நம் பட்டியலில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருந்தது.

இன்னொன்றும் நடந்தது. அவிநாசிப் பக்கமிருந்து ஒரு தம்பி அழைத்தான். தன் ஊர் டீக்கடையில் தனி டம்ளர் வைத்திருப்பது பற்றிப் பத்துப் பக்கம் எழுதி, டிடிபி கடையில் கொடுத்துத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறான். இணையத்தில் ஏற்றினால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாக வருகிறது. "அக்கா, நீங்க குடுத்த பட்டியல்ல இருக்கற கன்வர்ட்டர் ஒண்ணுகூட தொறக்க மாட்டேங்குதுங்க. ஒண்ணைத் தட்டுனா ரம்மி வெளையாடச் சொல்லுதுங்க" என்றான். களப்பெயரைப் புதுப்பிக்காமல் விட்டால் வேறு யாரோ அதை வாங்கிச் சூதாட்ட விளம்பரம் வைத்துவிடுகிறார்கள். அதை இன்னும் 'பயனுள்ள கருவி' என்று நாம் பரிந்துரைத்துக் கொண்டிருந்தோம்.

இது நடப்பது எந்த ஊரில் என்று நினைத்துப் பாருங்கள். 2010 ஜூனில் இதே கோவையில்தான் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. கூடவே தமிழ் இணைய மாநாடும் நடந்தது. ஒருங்குறியையும் டேஸ்16 என்ற குறியீட்டையும் தமிழுக்கான தரமாக அரசு அறிவித்தது அப்போதுதான். ஆனால் மாநாட்டுப் பந்தலில் அறிவித்த தரம் காலனிக்குள் தானாக வந்து சேராது. டிடிபி கடைகளில் இன்றும் பாமினியும் வானவில்லும் ஓடிக் கொண்டிருக்கின்றன. அந்த எழுத்தை ஒருங்குறிக்கு மாற்றத் தெரியாதவனுக்கு இணையம் கதவடைத்த வீடுதான். சாவி எங்கே இருக்கிறது என்று சொல்வதற்குத்தான் பட்டியல். அதுவே செத்துக் கிடந்தால்?

இதைத் தோழர்களிடம் சொன்னால் இரண்டு பதில்கள் வருகின்றன.

முதல் பதில்: கூகுள் இருக்கும்போது பட்டியல் எதற்கு? தேடுபொறி அதிகம் பார்க்கப்படுவதை முன்னால் தள்ளும். கொங்கு வட்டாரத்தில் ஓர் ஊரின் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள். குலப்பெருமைக் காணொளிகளும் சாதிச் சங்க விழாக்களும் வரிசை கட்டும். 2015-இல் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் கொல்லப்பட்ட பிறகு, அந்த வழக்கில் தேடப்பட்டவரின் குரல் பதிவுகள் வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகச் சுற்றியதை மறந்துவிட்டோமா? 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்த தீர்ப்பு அந்தப் பதிவுகளைப் போல வீட்டு வாசலுக்கு வரவில்லை. பணமும் ஆளும் உள்ளவன் குரல் தானாகப் பரவும். நம் எழுத்தை யாராவது கையைப் பிடித்துக் காட்ட வேண்டும்.

இரண்டாவது பதில்தான் என்னை அதிகம் கோபப்படுத்துகிறது: "இதெல்லாம் சின்ன வேலை தோழர், சின்னப் பசங்க யாராவது பார்த்துக்குவாங்க." எது சின்ன வேலை? தளத்தைத் தொடங்கி வைக்கத் தலைவர் வருகிறார், பொன்னாடை போர்த்துகிறோம், படம் எடுக்கிறோம். இறந்த இணைப்பைத் தேடிப் பிடித்து நீக்கவும், தவறான தலைப்பை மாற்றவும், ஆண்டுக் கட்டணத்தைக் கட்டவும் ஆள் இல்லை. தொடங்குவது கௌரவம், கூட்டிப் பெருக்குவது இழிவு. இந்தப் பார்வையை நாம் எங்கிருந்து பெற்றோம்? சாதியை வெறும் வேலைப் பிரிவினை என்று நியாயப்படுத்தியவர்களுக்கு 1936-லேயே அம்பேத்கர் பதில் சொல்லிவிட்டார். அங்கே மனிதர்களே மேல் கீழாகப் பிரிக்கப்படுகிறார்கள் என்று காட்டினார். சுத்தம் செய்பவரைக் கீழே வைக்கும் சமூகத்தை எதிர்க்கும் நாம், நம் இயக்கத்துக்குள் பராமரிப்பு வேலையைக் கீழே வைத்திருக்கிறோம்.

நம் வரலாறு இதற்கு நேர்மாறானது. அயோத்திதாசர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். அவர் எழுத்துகள் ஞான. அலாய்சியஸ் தொகுப்பாக 1999-இல் நம் கைக்கு வந்தன. நடுவில் கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு. அந்த இதழ்களைப் பல்கலைக்கழகங்கள் தேடிப் பாதுகாக்கவில்லை. அன்பு பொன்னோவியம் போன்ற தலித் அறிஞர்கள் வீட்டில் வைத்துக் காத்தார்கள். அந்தச் 'சின்ன வேலை' நடக்காமல் போயிருந்தால் இன்று என்னைப் போன்றவர்கள் அயோத்திதாசர் குறித்து ஆய்வேடு எழுத முடியுமா?

1925-இல் ஈரோட்டில் தொடங்கிய 'குடிஅரசு' இன்னொரு பாடம். அதில் வந்த பெரியாரின் எழுத்தையும் பேச்சையும் வெளியிடும் உரிமை யாருக்கு என்று வழக்கே நடந்தது. 2009-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி சந்துரு தீர்ப்பளித்த பிறகு, பெரியார் திராவிடர் கழகம் அவற்றைத் தொகுதிகளாகக் கொண்டு வந்தது. 2012-இல் அந்த அமைப்பே இரண்டானது. அமைப்பு பிரியும், பெயர் மாறும், இணைய முகவரியும் மாறும். பழைய முகவரியைத் தட்டும் வாசகருக்குப் புதிய வழியைக் காட்ட நடுவில் ஒருவர் விழித்திருக்க வேண்டும்.

அடுத்து, தலைப்புகள். பல இணையப் பட்டியல்களில் அரசியல், வரலாறு, இலக்கியம், பெண்ணியம், சினிமா எல்லாம் இருக்கும். கடைசியில் 'தலித்' என்று ஓர் அறை இருக்கும். தலித் எழுதிய வரலாறு வரலாற்றில் வராது, தலித் பெண்ணின் எழுத்து பெண்ணியத்தில் வராது. ஊருக்கு வெளியே சேரி, பட்டியலுக்குக் கடைசியில் தலித். எங்கள் பட்டியலும் அப்படித்தான் இருந்தது.

அந்த ஒற்றை அறைக்குள்ளும் எல்லோரும் சமமாக இல்லை. பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டில் 3 விழுக்காட்டை அருந்ததியருக்கு ஒதுக்கும் சட்டம் 2009-இல் வந்தது. உள் ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்ட் 1-இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு சொன்னது. பொதுப் பெயருக்குள் சிலர் காணாமல் போகிறார்கள் என்பதுதானே அந்தக் கோரிக்கையின் அடிப்படை? இணையப் பட்டியலுக்கும் அது பொருந்தும். அந்தச் சட்டம் ஏழு சாதிப் பெயர்களைச் சொல்கிறது: அருந்ததியர், சக்கிலியர், மாதாரி, மாதிகா, பகடை, தோட்டி, ஆதி ஆந்திரர். பழைய அரசு ஆவணத்தில் ஒரு பெயர் இருக்கும், நாவலில் வேறு பெயர் இருக்கும், வழக்குப் பதிவில் மூன்றாவது பெயர் இருக்கும். 'அருந்ததியர்' என்று மட்டும் தேடுபவருக்கு மற்றவை கிடைக்காது. அதற்காக வசையாகப் புழங்கும் பெயர்களை நாமே தலைப்பாக்கவும் கூடாது. எனவே தலைப்பு ஒன்றுதான், 'அருந்ததியர்'. மற்ற பெயர்களில் தேடினாலும் அங்கே கொண்டுவந்து சேர்க்கும் குறிப்பு வேண்டும். நூலகர்கள் 'காண்க' என்று எழுதுவது இதைத்தான்.

இப்போது நாங்கள் பட்டியலைக் கலைத்து அடுக்குகிறோம். எழுதியவர் யார் என்ற கேள்வியை விட்டு, வருபவருக்கு என்ன வேண்டும் என்பதிலிருந்து தொடங்குகிறோம். 'தட்டச்சு செய்ததை மாற்ற', 'வெளியிட', 'வெளியிட்டதைக் காக்க', 'மிரட்டல் வந்தால்' என்பவைதான் முதல் தலைப்புகள். ஒரே இணைப்பு இரண்டு மூன்று தலைப்புகளில் வரலாம். நடூர் அறிக்கைகள் இனி 'தீண்டாமைச் சுவர்கள்' என்ற தலைப்பில் இருக்கும். ஒவ்வொரு இணைப்பின் பக்கத்திலும் கடைசியாகத் திறந்து பார்த்த தேதி இருக்கும். 2015-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்த 66ஏ பிரிவுக்குப் பயந்து எழுதச் சொல்லும் பழைய சட்டக் குறிப்புகளை எடுத்துவிட்டோம். முக்கியமான பக்கங்களை வேபேக் மெஷினில் சேமித்து, அந்தப் பிரதியின் முகவரியையும் கூடவே தருகிறோம்.

பட்டியலை முழுசாக யாரும் நகலெடுத்துக் கொள்ளலாம். இதற்குக் காரணம் உண்டு. 1998-இல் தொடங்கி உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் தொகுத்த ஓப்பன் டைரக்டரி ப்ராஜெக்டை, அதன் உரிமையாளரான ஏஓஎல் நிறுவனம் 2017 மார்ச்சில் மூடிவிட்டது. தரவை வெளியே எடுக்க முடிந்ததால்தான் தன்னார்வலர்களால் வேறு பெயரில் தொடர முடிந்தது. சாவி ஒருவர் இடுப்பில் இருக்கும் வீடு நமக்கு வேண்டாம்.

இயக்கத் தோழர்களிடம் கேட்பது இதுதான். அடுத்த மாநாட்டின் வரவு செலவில் இணைய முகவரிக் கட்டணத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். பிளக்ஸ் பேனருக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்கு போதும். மாவட்டத்துக்கு ஒருவர் மாதம் ஒருமுறை இணைப்புகளைத் திறந்து பார்க்கட்டும். அந்தப் பொறுப்பு சுழற்சியில் வரட்டும், தலைவர்களுக்கும் வரட்டும். தலைப்பு வைக்கும் வேலையை என்னைப் போன்ற ஆய்வாளர்களிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள். எங்களுக்குக் கலைச்சொல் தெரியும். அவிநாசித் தம்பி எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவான் என்பது அவனுக்குத்தான் தெரியும்.

அவனுடைய பத்துப் பக்கமும் இப்போது ஒருங்குறியில் இருக்கிறது. மாற்றிக் கொடுத்தது இன்னொரு தோழர், ஒரு ராத்திரி வேலை. மாற்றியை இணைப்போடு பட்டியலில் சேர்த்து, தேதி போட்டுவிட்டோம். அடுத்த மாதம் அது திறக்கிறதா என்று பார்க்க வேண்டிய முறை அந்தத் தம்பியுடையது. அதற்கடுத்த மாதம் யாருடையது?