மாடியில் ஒரு வாளி ஊற்றிப் பாருங்கள்

தூத்துக்குடி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

குலசேகரன்பட்டினத்திலிருந்து எழுதுகிறேன். தசரா வந்தால்தான் எங்கள் ஊர் வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வரும். வேடம் கட்டி முத்தாரம்மனைத் தேடி வரும் கூட்டம், கடற்கரையில் சூரசம்ஹாரம் பார்த்துவிட்டுக் கிளம்பும். அதன் பின்னாலேயே அடைமழை வரும். கூட்டத்துக்கு எல்லா ஆயத்தமும் செய்கிறோம். மழைக்கு ஒரு வாளிகூட எடுத்து வைப்பதில்லை.

எங்கள் வீட்டுக் கிணற்றில் ஆச்சி காலத்தில் குடிக்க இறைத்தார்கள். இன்று அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. கிணறு வற்றவில்லை, உவர்த்துவிட்டது. கடலோர மணலுக்கடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின்மேல் மிதக்கிறது. அது கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நின்றால், கீழே சுமார் 40 அடி வரை உப்பை அமுக்கி வைக்கும் என்பது நீரியல் கணக்கு. மோட்டார் போட்டு அந்த ஓரடியை உறிஞ்சிவிட்டால் உப்பு மேலேறும். எங்களுக்கு மழைதான் கடலைத் தள்ளி நிறுத்தும் கரை.

2003இல் தமிழகம் முழுக்கக் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. குழாய்கள் அன்றே இறங்கிவிட்டன. எங்கள் மாடிக் குழாயோ பல வருஷம் தெருவில்தான் கொட்டியது. தப்பு எங்களுடையது. பிறகு அதைக் கிணற்றுக்குத் திருப்பினோம். நடுவில் ஒரு பழைய தொட்டி: அடியில் ஜல்லி, அதன்மேல் கரி, மேலே ஆற்று மணல். முதல் மழையை மட்டும் வெளியே விடுவோம். காக்கை எச்சமும் கடற்காற்று பூசிய உப்பும் அதோடு போய்விடும். கார்த்திகை முடிவில் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைத்தது. சித்திரையில் மறுபடி கரித்தது. தெருவே இறைக்கிறது, ஊற்றுவது ஒரு வீடு. கிணற்றுக்குச் சுவர் உண்டு. அடியில் ஓடும் தண்ணீருக்கு ஏது சுவர்? அதனால்தான் உங்களிடம் வருகிறேன்.

2023 டிசம்பரில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. 1,000 சதுர அடி மாடிக்கு அது சுமார் 88,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் ஏழு லாரிக்கு மேல். அத்தனையையும் பிடித்துவிட முடியாதுதான். ஆனால் வெள்ளத்தில் மிதந்த மாவட்டம் கோடையில் குடத்தோடு நிற்பது வானத்தின் குற்றமல்ல.

2024 பிப்ரவரியில் இங்கே ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். மகிழ்ச்சி. இனி விடுதிகளும் வீடுகளும் பெருகும், ஆழ்குழாய்களும் பெருகும்.

கேட்பது மூன்றுதான். ஆண்டுதோறும் தசராக் கொடியேற்றத்துக்கு முன் மாடிகளை ஆய்வு செய்யுங்கள். அதைப் பள்ளிகளிலும் அரசு அலுவலகங்களிலும் தொடங்குங்கள். மூடிக் கிடக்கும் பொதுக் கிணறுகளைத் தூர்வாரி, பக்கத்துக் கட்டடங்களின் மாடித் தண்ணீரை வடிகட்டி அவற்றில் விடுங்கள். புதுக் கட்டடத்துக்குக் குழாய் முடியும் இடத்தைக் கண்ணால் பார்த்த பிறகே சான்று கொடுங்கள்.

ஆய்வுக்கு வருபவர் படிவம் கொண்டுவர வேண்டாம். மாடியில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றட்டும். அது எங்கே போய் விழுகிறது என்று கீழே இறங்கிப் பார்த்தால் போதும்.

இப்படிக்கு,
குலசேகரன்பட்டினத்துக்காரர் ஒருவர்