கொல்லைக்கு ஏற்ற கோழி

ஊருக்கு வெளியே சிறு வீடொன்று கட்டிக் குடியேறிய நண்பர் ஒருவர் சென்ற வாரம் என்னைத் தேடி வந்தார். "கொல்லையில் கொஞ்சம் இடம் சும்மா கிடக்கிறது. ஐந்தாறு கோழி வளர்க்கலாமென்று வீட்டில் சொல்லுகிறார்கள். எந்த இனம் அதிகமாக முட்டையிடும்?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. ஆயினும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு கோழி வாங்கப் போய் நான் பட்ட பாடு நினைவுக்கு வந்தபடியால், உடனே பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை.

நான் வாங்கியவை வெள்ளை லெகார்ன் கோழிகள். இத்தாலி தேசத்து லிவோர்னோ துறைமுகத்தின் பெயரை ஆங்கிலேயர் திரித்து வழங்கியதால் உண்டான பெயர் அது. ஐந்து மாதத்திலேயே முட்டையிடத் தொடங்கும். நல்ல தீனி கொடுத்தால் வருஷத்துக்கு 250 முதல் 300 வரை இடும். நமது நாட்டுக் கோழியோ 60, மிஞ்சினால் 80. கணக்குத் தெரிந்தவன் வேறு எதை வாங்குவான்? முதல் வருஷம் ஆறு பெட்டைகளும் எங்களுக்கு மட்டுமின்றி அண்டை வீட்டாருக்கும் முட்டை அளித்தன. இரண்டாம் வருஷம் முட்டை குறையலாயிற்று. இரண்டைக் கீரி கொண்டுபோயிற்று. வெள்ளை நிறம் சத்துருவுக்குத் தூரத்திலிருந்தே வழி காட்டிவிடுகிறது. குஞ்சு பொரிக்க வைத்துக் கூட்டத்தைப் பெருக்கலாமென்று ஒரு சேவலைச் சேர்த்தேன். கூடையில் வைக்கோல் பரப்பி முட்டைகளையும் வைத்தேன். ஒரு கோழியாவது அடை உட்கார வேண்டுமே! முட்டையிட்டதும் கொக்கரித்துக்கொண்டு வெளியே ஓடிவிடும், திரும்பியும் பாராது.

அடுத்த வீட்டுப் பாட்டி இதைப் பார்த்துச் சிரித்தார். "வாத்தியாரய்யா! முட்டை போடத் தெரிஞ்ச கோழியை வாங்கினீங்க. போட்ட முட்டையை என்ன பண்றதுன்னு தெரிஞ்ச கோழியை விட்டுட்டீங்களே!" என்றார். பிறகு என் முட்டைகளில் பதினொன்றைத் தம்முடைய நாட்டுக் கோழியின் அடியில் வைத்தார். 21-ஆம் நாள் 9 குஞ்சுகள் வெளிவந்தன. மறு வாரம் ஒரு பருந்து தாழ்ந்து வந்தபோது, சிறகை விரித்து அதன் மேல் பாய்ந்த அந்தத் தாயின் ஆவேசத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அவள் காத்தவை அவள் இட்ட முட்டைகளின் குஞ்சுகள் அல்ல என்பதையும் மறக்கவில்லை.

லெகார்ன் கோழியின் மீது குற்றமில்லை. அடை உட்காரும் கோழி அந்த நாட்களில் முட்டையிடாது. பிறகு குஞ்சுகளை மேய்த்துத் திரியும் காலத்திலும் இடாது. ஆதலால் முட்டை வியாபாரம் செய்தவர்கள், அடை உட்காராத பெட்டைகளையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி இனம் பெருக்கினார்கள். முட்டை பெருகிற்று, தாய்மை மறைந்தது. அதனால் அவ்வினம் பொரிப்பு இயந்திரத்தை நம்பியே வாழவேண்டியதாயிற்று. அந்த இயந்திரம் நம் வீட்டில் இல்லை.

அப்படியானால் சுதேசி இனங்களையே வாங்கிவிடலாமா? இங்கும் ஆராயாமல் இறங்கக் கூடாது. அசீல் என்னும் சண்டைக் கோழி நமக்குப் பெருமை தருவது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் உண்டான கார்னிஷ் இனத்தில் அதன் ரத்தம் கலந்திருக்கிறது. உலகெங்கும் இறைச்சிக்காக வளர்க்கும் கோழிகளுக்கு அந்தக் கார்னிஷ் ஒரு மூதாதை. ஆனால் அசீல் இடும் முட்டை மிகச் சொற்பம். இரண்டு சேவல்களை ஒரே கொல்லையில் விட்டால் ஒன்றுதான் மிஞ்சும். மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவின் கடக்நாத், சதையும் கறுத்திருக்கும் அதிசயக் கோழி. 2018-இல் அதன் இறைச்சிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அடை காப்பதில் மட்டும் அதற்கு அக்கறை குறைவு.

இவ்விரு கோடிகளுக்கும் நடுவே நம் விஞ்ஞானிகள் உண்டாக்கிய இனங்கள் இருக்கின்றன. ஹைதராபாத்திலுள்ள கோழியின ஆராய்ச்சி நிலையத்தார் வனராஜாவையும் கிராமப்பிரியாவையும் அளித்திருக்கிறார்கள். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் நந்தனம் கோழிகளைத் தந்திருக்கிறார்கள். கிராமப்பிரியா கொல்லையில் மேய்ந்தே வருஷத்துக்கு 160 முதல் 180 முட்டை வரை இடும். இவற்றின் வர்ண இறகுகள் செடி மறைவில் எளிதில் கண்ணுக்குப் படுவதில்லை. ஆயினும் வனராஜாவும் கிராமப்பிரியாவும் கலப்பினங்கள். தாயின் குணம் முழுவதும் குஞ்சுக்கு வராது. ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்க வேண்டியதே.

ஆகவே நண்பருக்கு நான் சொன்ன யோசனை இது: மூன்று கிராமப்பிரியா அல்லது நந்தனம் பெட்டைகள் முட்டைக்கு, இரண்டு நாட்டுப் பெட்டைகள் அடைக்கு. முட்டை மட்டும் போதுமென்றால் சேவல் வேண்டாம். சேவலின்றியே பெட்டை முட்டையிடும், அம்முட்டை ஒருபோதும் குஞ்சாகாது. மகாத்மா காந்தி 1942-இல் ஆகாகான் மாளிகைச் சிறையில் இருந்தபோது ஆரோக்கியத்தைப் பற்றி எழுதிய நூலில் இதை எடுத்துக்காட்டி, பால் அருந்துவோர் இத்தகைய முட்டையை மறுக்கக் காரணமில்லை என்று கருதியிருக்கிறார். குஞ்சு வேண்டுமானால் ஒரே ஒரு நாட்டுச் சேவல் போதும்.

எந்த இனமானாலும் மூன்று காரியங்களில் அசட்டை கூடாது. இரவில் கூண்டின் கதவு தாழிடப்பட வேண்டும். முட்டையோடு உறுதிப்படக் கிளிஞ்சல் தூள் வைக்க வேண்டும். முதல் வாரத்திலேயே கண்ணில் சொட்டு மருந்திட்டு, பின்னர் கால்நடை மருத்துவர் சொல்லும் தவணையில் ஊசியும் போட்டு, வெள்ளைக் கழிச்சலைத் தடுக்க வேண்டும். குமாவோன் மலையிலுள்ள ராணிகேத் ஊரின் பெயரால் வழங்கும் அந்நோய் புகுந்தால் சில நாட்களில் கூண்டே காலியாகிவிடும்.

நண்பர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நாட்டுக் கோழி இரண்டும் முட்டைக் கணக்கில் நஷ்டந்தானே?" என்றார். நஷ்டந்தான். ஆனால் கடைக்கும் பண்ணைக்கும் கையேந்தாமல் ஒரு கூட்டம் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ள வேண்டுமானால், அந்தச் சிறு நஷ்டத்தை ஏற்கத்தான் வேண்டும். நாட்டுப் பெட்டைகள் எங்கே கிடைக்கும் என்றார். பாட்டியின் வீட்டைக் காட்டினேன்.